அரசர் போட்டுக்கொண்ட முகம்

அன்சொங்
இரண்டாம் மாதம்

என் வீட்டுக்காரர் தொக்போவுக்கு, ஓக்தான் வணங்கி எழுதுவது.

வீடே இல்லாத கூத்தாடியை வீட்டுக்காரர் என்று எழுதுவதைப் பார்த்தால் சிரிப்பீர்கள். சிரித்தால் நல்லது. நாங்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். நம் குழுத் தலைவர் சுன்சாமுக்கு மட்டும் முன்பல் ஒன்று போய்விட்டது. உறைந்த முள்ளங்கியைக் கடித்ததால் போனது, அரசு ஆட்கள் அடித்ததால் அல்ல. இதை முதலில் எழுதச் சொன்னார்.

உங்களைப் பிடித்து வைத்திருக்கும் அரண்மனையில் தாளும் தூரிகையும் தருவதில்லை என்று அங்கே தண்ணீர் சுமக்கும் சாம்வோல் சொன்னாள். அவள் தினமும் வெளியே வீட்டுக்கு வந்து போகிறவள். இந்தக் கடிதம் உப்பு வியாபாரி கையால் அவளுக்குப் போய், அவள் சும்மாட்டுக்குள் இருந்து உங்களிடம் வரும். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். பதிலை அவள் வாயில் சொல்லி அனுப்புங்கள்.

சென்ற வாரம் தலைநகரிலிருந்து விசாரணை அதிகாரி ஒருவர் வந்தார். நாம் குளிர்காலத்தைக் கழிக்கும் இந்தக் கோயில் கொட்டகையிலேயே உட்கார்ந்து, எங்களைத் தனித்தனியே அழைத்துக் கேட்டார். உங்களையும் மறுபடி கேட்பார்கள். உங்கள் சொல்லும் என் சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால் நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

ஆண்டின் கடைசி நாள் பேய் விரட்டும் சடங்குக்கு அரண்மனை நம்மை அழைத்தது. பின்கட்டு முற்றத்தில் ஆடினோம். கூரை ஓட்டில் இன்னும் வெயில் இருந்தது. நீங்கள் வேலைக்காரன், கெத்தோங் முட்டாள் எஜமான், நான் கைப்பறை. ஆட்டம் முடிந்ததும் அரசர் படியிறங்கி வந்து உங்கள் முன் கையை நீட்டினார். நீங்கள் முகமூடியைக் கழற்றிக் கொடுத்தீர்கள். அவர் அதைத் தன் முகத்தில் வைத்து நாடாவைத் தானே கட்டிக்கொண்டார். நேரே வெள்ளைத்தாடி மந்திரியிடம் போய், நம் வேலைக்காரன் குரலிலேயே, "ஐயா, எங்க காட்டுல வெளைஞ்ச பார்லி உங்க குதிருக்குள்ள எப்படி வந்துச்சு? தானா நடந்து வந்துச்சா? பார்லிக்குக் கால் இருக்கா ஐயா?" என்று கேட்டார். முற்றமே சிரித்தது. மந்திரியும் சிரித்தார், பல்லால் மட்டும். பிறகு அரசர் ஒரு சுற்று ஆடினார். மோசமில்லை. இடது காலைத்தான் கொஞ்சம் தாமதமாக எடுத்தார். கழற்றி உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் படியேறிப் போனார்.

நாம் மதிலுக்கு வெளியே வந்து, எல்லா ஆட்டத்துக்குப் பிறகும் செய்வதையே செய்தோம். வைக்கோலைக் குவித்து முகமூடிகளை எரித்தோம். வேலைக்காரன் முகத்தை நீங்கள் நெருப்பில் போட்டீர்கள். "ஏன் எரிச்சீங்க?" என்றார் அதிகாரி. ஆடிய முகத்தில் ஊர்ப் பீடை ஒட்டியிருக்கும், எரிக்காவிட்டால் அது போட்டவனைப் பிடித்துக்கொள்ளும் என்றேன். முகத்துக்குள்ளிருந்து பேசியதும் முகத்தோடு சாம்பலாகிவிட வேண்டும், அதற்குப் பிறகு அந்தப் பேச்சைச் சொல்லி யாரும் யாரையும் அடிக்கக் கூடாது என்றேன். "அரசர் முகத்துல பட்டதாச்சே?" என்றார். அது எங்களுக்குத் தோன்றவே இல்லை என்றேன். உண்மையும் அதுதான். ஆட்டம் முடிந்தது, எரித்தோம். மறுநாளும் அந்த முகம் வேண்டும் என்று அரசர் சொல்லி ஆள் ஓடி வந்தபோது சாம்பல்தான் இருந்தது.

ஆண்டு முடியும் நாளில் அரசரின் முகத்தைக் கொளுத்தினான், இது சூனியம், இவன் தலை வேண்டும் என்று வெள்ளைத்தாடி கேட்டதும், "அதே முகத்தைத் திரும்பச் செய்யட்டும், செய்ததும் போகட்டும்" என்று அரசர் சொன்னதும் நீங்கள் காதால் கேட்டவை. நான் எழுதத் தேவையில்லை.

ஆகவே செய்யுங்கள். சீக்கிரம் செய்யுங்கள். உங்கள் கை அந்த முகத்தைச் செய்தது, என் கண் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. எனக்கு நினைவிருப்பதைச் சொல்கிறேன். இடது புருவம் வலதைவிடத் தாழ்ந்திருக்கும். மூக்கு பைன் பட்டை, நுனியில் ஒரு விரிசல். வாய் வலப்பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும், ஆனால் சிரிப்பாகத் தெரியாது. சிவப்பு, கரி கலந்து செங்கல் போல மங்கியது. தாடையில் மூன்று மருக்கள், நடுவில் உள்ளது பெரியது. முகமூடி செய்ய நல்ல குடுக்கையாகப் பார்த்து நான்கு சுரைக்காய்களை உப்பு வியாபாரியிடம் கொடுத்திருக்கிறேன்.

பனி இளகியதும் கிளம்பிவிடுவோம். இத்தனை நாளும் சாலையில் உங்கள் முதுகைப் பார்த்து நடந்து பழகியவள் நான். இனி எனக்கு முன்னால் கெத்தோங் போவான். நல்ல பையன்தான். ஆனால் அது வேறு முதுகு.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தோள் வலிக்கு உப்பு ஒத்தடம் கொடுக்கும்படி சாம்வோலுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

ஓக்தான்


சுவோன் சந்தை
ஐந்தாம் மாதம்

என் வீட்டுக்காரருக்கு,

ஊஞ்சல் திருநாள் முடிந்தது. பெண்கள் எல்லாரும் தலை முழுகி ஊஞ்சலாடினார்கள். நானும் ஆடினேன். உயரத்தில் போனபோது வடக்கே பார்த்தேன். தலைநகர் ஹான்யாங் தெரியும் என்று யாரோ சொன்னார்கள். மலைதான் தெரிந்தது.

வேலைக்காரன் வேஷத்தை இப்போது கெத்தோங் போடுகிறான். எஜமானை ஏசும் இடத்தில் வசனத்தை மறந்து, எஜமானிடமே "அப்புறம் என்ன சொல்லணும்?" என்று கேட்டான். ஜனங்கள் அதைத்தான் விழுந்து விழுந்து ரசித்தார்கள். ஒருவன் முலாம்பழத் தோலை வீசினான், காதில் பட்டது. "அண்ணி, அண்ணன் வர்ற வரைக்கும் ஏச்சும் அடியும் நான் வாங்கி வெக்கிறேன். வந்ததும் பாதி அவருக்கு" என்கிறான்.

இனி முக்கியமான விஷயம். தலைநகரை ஒட்டிய மாபோ படகுத் துறைக்குப் போய்ச் சாம்வோலை நேரில் பார்த்தேன். உங்களைச் சுற்றி நடப்பதில் பாதியை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள், மீதியைச் சமையற்கட்டில் கேட்டிருக்கிறாள். எது எது என்று பிரித்துச் சொல்லச் சொன்னேன். "நீ என்னடி, அந்த அதிகாரிக்கு மேல கேக்குற?" என்று அலுத்துக்கொண்டாள். ஆனாலும் சொன்னாள்.

நீங்கள் ஒவ்வொரு முகமூடியையும் முடிக்கும்போது உங்களை வேலைக்கு உட்கார்த்தியிருக்கும் பட்டறைக்கு அரசர் வருகிறாராம். ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு அதைப் போட்டுக்கொள்கிறாராம். போட்டபின் அவர் வேலைக்காரன், நீங்கள் இன்னொரு வேலைக்காரன். நீங்கள் அவரை "டேய்" என்று கூப்பிடுகிறீர்களாம். இதை அவள் தண்ணீர்ப் பானையோடு கதவுக்கு வெளியே நின்று தன் காதால் கேட்டிருக்கிறாள். "டேய், ஒனக்கு என்னடா கொறை, மூணு வேளை சோறு" என்று நீங்கள் கேட்டீர்களாம். "சூடா ஒரு வாய் தின்னதில்லடா. ஏழு பேரு நக்கிப் பாத்துட்டுத்தான் என் வாய்க்கு வருது, அதுக்குள்ள அது செத்துப்போகுது" என்றாராம் அவர். இருவரும் சிரித்தீர்களாம். அப்புறம் அவர் அழுதாராம், அல்லது மூக்கைச் சிந்தினாராம். முகமூடிக்குள் எது என்று அவளுக்குத் தெரியவில்லை. கழற்றியதும் அரசர் குரலில் "இது இல்லை, வேறு செய்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அந்த முகமூடி அலமாரியில் ஏறிவிட்டதாம்.

அந்த அலமாரியில் உள்ளவற்றைச் சாம்வோல் எனக்கு ஒவ்வொன்றாகச் சொன்னாள். மூன்றாவதைச் சொன்னபோது நான் அவளை நிறுத்தினேன். இடது புருவம், விரிசல், மருக்கள், வாய், எல்லாம் அதேதான். நீங்கள் எப்போதோ செய்து முடித்துவிட்டீர்கள். உங்களுக்கும் அது தெரியும்.

அவருக்கு அந்த முகம் தேவையில்லை. இன்னொரு முகம், அதற்கப்புறம் இன்னொன்று, அவ்வளவுதான். நாள் முழுக்க எல்லாரும் தரையில் நெற்றியை வைக்கிற ஒருவருக்கு "டேய்" என்று கூப்பிட ஓர் ஆள் வேண்டும்.

இதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. அடுத்து அவள் சொன்னதில் கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது. உங்கள் பட்டறைக்கு யார் வருகிறார்கள், கூத்தாடி என்ன கேட்கிறான் என்று வெள்ளைத்தாடி சமையற்கட்டுத் தலைவியை இரண்டு முறை விசாரித்தாராம். "வேலை முடிஞ்சா அவன் வாசலைத் தாண்டக் கூடாது" என்று காவலர்களிடம் சொன்னாராம். அரசர் யாரைப் பற்றி என்ன சொன்னார் என்று உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும் என்று அந்த மந்திரி பயப்படுகிறார்.

அதனால் முன்பு எழுதியதை மாற்றி எழுதுகிறேன். செய்யாதீர்கள். அரசர் வேண்டும் என்கிற வரை தப்பாகவே செய்யுங்கள். புருவத்தைத் தூக்குங்கள், மருவைக் கூட்டுங்கள். அவர் "இதுதான்" என்று சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என்னிடமிருந்து எவ்வளவு நாள் தள்ளி இருக்கிறீர்களோ அவ்வளவு நாள் உயிரோடு இருப்பீர்கள். இப்படி எழுதுவேன் என்று நான் நினைத்ததில்லை.

எனக்கு நீங்கள் என்ன சொல்லச் சொன்னீர்கள் என்று சாம்வோலிடம் கேட்டேன். "சோறு வெள்ளையா இருக்கு, அடியில நெருப்பு மூட்டித் தரை சூடா இருக்குன்னு சொல்லச் சொன்னாரு" என்றாள். வேறு? வேறு இல்லை என்றாள். நல்லது. தரை சூடாக இருக்கட்டும்.

ஓக்தான்


அன்சொங்
பன்னிரண்டாம் மாதம், தொடக்கம்

என் வீட்டுக்காரருக்கு,

கொட்டகைக்குத் திரும்பிவிட்டோம். இந்த ஆண்டுச் சடங்குக்கு நம்மை அழைக்கவில்லை. வேறு குழுவாம். அவர்கள் முகமூடிகளை எரிக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். தலைவர் இதைக் கேட்டுத் துப்பினார். பல் போன இடத்தின் வழியாக நன்றாகத் தூரம் போகிறது.

அரசருக்குத் தூக்கம் வருவதில்லை என்றும், மருத்துவர்கள் மான்கொம்பும் ஜின்செங் வேரும் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள் என்றும், கூடத்தில் தனியாக நடந்துகொண்டே இருக்கிறார் என்றும் சாம்வோல் சொல்லி அனுப்பினாள். போட்டுப் பேசிய முகமூடிகள் இரண்டு அலமாரி நிறைந்து, மூன்றாவது கொண்டுவந்தார்களாம். கஞ்சி குடிக்கும் நேரத்தில் இதை எல்லாருக்கும் சொன்னேன். கெத்தோங் கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டு, "ஒண்ணைக்கூட எரிக்கலையா?" என்றான். "ஒண்ணுகூட இல்லை" என்றேன். "அத்தனையையும் வீட்டுக்குள்ள வெச்சுக்கிட்டா மனுஷன் தூங்குவானா? நானா இருந்தா கெணத்துல குதிச்சிருப்பேன்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

தலைவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். "ஏ புள்ளே, நாமதாண்டி தப்புப் பண்ணுனோம்" என்றார். என்ன என்றேன். "முகத்தை எரிக்கணும், சரி. யாரு எரிக்கணும்? கடைசியா முகத்துல போட்டவன் எரிக்கணும். அன்னைக்குக் கடைசியாப் போட்டது யாரு? தொக்போ இல்லையே. அவன் கையில வாங்கினான், பழக்கத்துல நெருப்புல போட்டுட்டான். நாமளும் பாத்துக்கிட்டு நின்னோம்" என்றார்.

சட்டம் படித்த எந்த அதிகாரியும் இதைக் கேட்கவில்லை, ஏனென்றால் அவர்களுக்கு இது தெரியாது. நமக்குத் தெரியும், நாமும் நினைக்கவில்லை. இதை வைத்து நான் யோசித்ததை எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

அந்த முகமூடிகளை எல்லாம் கடைசியாகப் போட்டவர் அரசர். அவர்தான் எரிக்க வேண்டும், தன் கையால். எரித்தால் மூன்று காரியம் நடக்கும். அவரைப் பிடித்திருப்பது விடும். தான் போட்ட முகத்தை அரசரே எரித்துவிட்டால், அதையே செய்த உங்களைச் சூனியக்காரன் என்று யாராலும் சொல்ல முடியாது. முகத்துக்குள் சொன்னதும் சாம்பலாகிவிடும். இத்தனை பேர் பார்க்க அரசரே இந்த வழக்கத்தை ஏற்றுக்கொண்டால், உங்கள் காதில் விழுந்ததைப் பற்றி வெள்ளைத்தாடி பயப்பட ஒன்றும் மிஞ்சாது.

அதனால் அவரிடம் சொல்லுங்கள். எப்போது, எப்படி என்று என்னால் சொல்ல முடியாது. அவர் கோபப்படலாம். தன்னை "டேய்" என்று கூப்பிட ஒருவரும் இல்லாமல் போகும் என்று அவருக்கு உடனே புரிந்துவிடும், அவர் முட்டாள் அல்ல. முகமூடியோடு இருக்கும்போதே, இன்னொரு வேலைக்காரன் சொல்வது போலச் சொல்லுங்கள். அப்போது சொன்னதற்குத் தலையை வாங்கக் கூடாது என்பது அவருக்கும் இப்போது பழகியிருக்கும்.

எரித்தால் ஆண்டின் கடைசி நாளில்தான் எரிப்பார், அன்று நாங்கள் எல்லாரும் சமையற்கட்டு வாசலுக்கு எதிரே, சாம்வோல் வீட்டு முற்றத்தில் இருப்போம். மதிலுக்கு மேலே புகை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

அந்த மனிதருக்கும் தூக்கம் வரட்டும்.

ஓக்தான்


ஹான்யாங், சாம்வோல் வீடு
புத்தாண்டுக் காலை

என் வீட்டுக்காரருக்கு,

நேற்று பொழுது சாயும் நேரத்தில் புகை வந்தது. முதலில் மெலிதாக, பிறகு கறுப்பாக. சாயமும் அரக்கும் எரிந்தால் வரும் புகை. நமக்குத் தெரியாத புகையா? கெத்தோங் துள்ளிக் குதித்து மண்சட்டி ஒன்றை உடைத்துவிட்டான். தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

பிறகு சாம்வோல் வெளியே வந்தாள். வெறும் பானை. மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். நீங்கள் சொன்னபோது அரசர் முகமூடியோடுதான் இருந்தாராம். பிறகு அலமாரி முகமூடிகள் எல்லாவற்றையும் முற்றத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, தன் முகத்தில் இருந்ததைக் கழற்றி முதலில் நெருப்பில் போட்டாராம். ஒவ்வொன்றையும் அவரே போட்டாராம், யாரையும் தொட விடவில்லையாம். வெள்ளைத்தாடி வந்து நின்றபோது, "நான் எரித்தது குற்றமா?" என்று கேட்டாராம். மந்திரி தரையைப் பார்த்துக்கொண்டு இல்லை என்றாராம். "அப்படியானால் போன ஆண்டு எரித்தவனும் குற்றவாளி இல்லை. அங்கே சொன்னது அங்கேயே முடிந்தது" என்றாராம். உங்களைப் பார்த்து, "நீ போகலாம்" என்றாராம்.

நான் அந்த இடத்தில் எழுந்து நின்றுவிட்டேன். சாம்வோல் என் கையைப் பிடித்து, "இருடி, இன்னும் இருக்கு" என்றாள்.

எல்லாரும் போன பிறகு அரசர் உங்கள் அருகில் வந்தாராம். முகமூடி இல்லை. அரசர் குரலும் இல்லை. "உனக்கு உத்தரவு எதுவும் இல்லை. ஆனால் நீ இருந்தால் எனக்கு நன்றாக இருக்கும்" என்றாராம். வாசலைப் பார்த்து நின்றிருந்த நீங்கள் படியில் உட்கார்ந்துவிட்டீர்களாம். "அந்த மனுஷன் உக்காந்துட்டாருடி" என்றாள் சாம்வோல். அதை அவள் தன் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

வாசல் மூடும் மணி அடிக்கும்வரை நின்றோம். இந்த ஆண்டு ஆடிய அந்த வேறு குழு வெளியே வந்தது. அவர்களின் முகமூடிகளைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள். நீங்கள் வரவில்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்குமோ என்று நினைக்காதீர்கள். எனக்கு உங்களைத் தெரியும். ஒரு முறை ஆற்றுத் துறையில் படகுக்காரன், "அண்ணே, கொஞ்சம் இந்தக் கயித்தைப் புடிச்சுக்கங்களேன்" என்று கேட்டுவிட்டுக் கள்ளுக் குடிக்கப் போனான். நீங்கள் பொழுது சாயும்வரை கயிற்றோடு நின்றீர்கள். நான் திட்டியபோது, "கேட்டுட்டானே" என்றீர்கள். உங்களுக்கு உத்தரவு போட்டால் ஏமாற்றிவிட்டு ஓடிவருவீர்கள். அடித்தாலும் ஓடிவருவீர்கள். கேட்டால் எழுந்திருக்கவே மாட்டீர்கள்.

அந்த மனிதர் கேட்டது பொய்யாக இருக்காது. பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார், இப்போது ஒரு முகமூடிகூட இல்லை. அவருக்காக எனக்கும் வருத்தம்தான். அவரிடம் இருங்கள் என்றோ, விட்டு வாருங்கள் என்றோ சொல்ல எனக்கு என்ன உரிமை என்று விடியும்வரை யோசித்தேன். உங்களுக்கு இந்த ஓராண்டில் என்னென்ன எழுதினேன் என்று நினைத்துப் பார்த்தேன். செய்யுங்கள் என்றேன். செய்யாதீர்கள் என்றேன். சொல்லுங்கள் என்றேன். எல்லாம் உத்தரவு.

தலைவர் இன்று கிளம்பச் சொல்கிறார். தெற்கே ஒரு ஊரில் முழுநிலா ஆட்டத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். மாபோவில் காலைப் படகு ஒன்று, மதியப் படகு ஒன்று. மற்றவர்கள் காலைப் படகில் போகட்டும். நான் மதியப் படகில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சாம்வோல் சும்மாட்டோடு நிற்கிறாள், புத்தாண்டன்றும் அவளுக்குத் தண்ணீர் சுமக்க வேண்டும். அதனால் நீளமாக எழுத முடியாது.

அரசர் கேட்டார். நானும் கேட்கிறேன்.

வந்துவிடுங்கள்.

உங்கள்
ஓக்தான்